மைக்கக்காவின் ‘லாம்’

எங்கள் பேருந்து நிலையத்தில் மைக்கக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவருடைய முகம் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அறிவிப்பு அறை மாடியில் இருந்தது. சன்னலில் எப்போதும் ஒரு பச்சைத் திரை தொங்கும். பயணிகளுக்கு அவர் வெறும் குரல்தான். கடைத்தெருவில் அவர் காய் விலை கேட்கும்போது பக்கத்தில் நிற்பவர் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். “இந்தக் குரலை எங்கேயோ...” என்று இழுப்பார். “நாலாவது நடைமேடையில” என்று மைக்கக்காவே முடித்துவைப்பார்.

நான் அதே நிலையத்தில் டைம் கீப்பர் எனப்படும் நேரக் காப்பாளனாக இருந்தேன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதி வைப்பது என் வேலை. என் மேசைக்கும் அவருடைய மைக்குக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதில் இருந்த சந்து வழியாகத் துண்டுச் சீட்டில் நான் எழுதிக் கொடுப்பதை அவர் வாசிப்பார். இப்போதும் அவர் வீடு என் வீட்டுக்கு எதிர்வீடு. இங்கே எழுதுவதில் பெரும்பாலானவை நான் நேரில் கண்டவை. மற்றவை அவரும் அவருடைய கணவரும் அவர் தங்கை மகளும் தனித்தனியே சொன்னவை. ஒன்றோடொன்று ஒத்துவந்ததை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒத்துவராத ஓர் இடம் உண்டு. அதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மைக்கக்காவிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. வழியில் பழுதாகி நின்ற வண்டி மறுபடி கிளம்பிவிட்டது என்று தொலைபேசி வரும். நான் “வரும்” என்று எழுதிச் சீட்டை நீட்டுவேன். சீட்டு அதே சந்து வழியாகத் திரும்பி வரும்.

“அண்ணே, வருமா, வரக்கூடுமா?”

“கிளம்பிட்டாங்கன்னு போன் வந்துச்சும்மா.”

“கிளம்பினா வந்துடுமா? நடுவுல பாலம் இருக்கு, ரயில்வே கேட் இருக்கு. கேட் தாண்டினப்புறம் சொல்லுங்க, வரும்னு சொல்றேன். இப்போதைக்குக் கூடும்தான்.”

அப்படியே “இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரக்கூடும்” என்று அறிவிப்பார். கீழே பயணிகளுக்கு இந்த வித்தியாசம் அத்துப்படி. “கூடும்னுதான் சொல்லுது, உட்காரு. அந்தம்மா வரும்னு சொன்னா மட்டும் எந்திரி” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது மாடிவரை கேட்கும். அவர் “வரும்” என்று சொன்ன வண்டி வராமல் போனதாக எனக்கு நினைவில்லை.

தவறிப்போய் ஏதாவது சொல்லிவிட்டால் அதைத் திருத்துவதற்கும் எங்கள் அறையில் ஒரு முறை இருந்தது. சொன்னவரே, சொன்ன மைக்கிலேயே, சொன்ன வாக்கியத்தையே மறுபடி சொல்லவேண்டும். தவறான சொல்லை மட்டும் மாற்றவேண்டும். அது தன் காதில் விழுந்ததற்கு அடையாளமாக அந்த வண்டியின் ஓட்டுநர் இரண்டு முறை சின்னதாக ஹாரன் அடிப்பார். ஹாரன் கேட்கும்வரை மைக்கக்கா திருத்தத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அப்படி ஹாரன் அடித்த ஓட்டுநர்களில் ஒருவரைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார். நீண்ட தூர வண்டி ஓட்டியவர். நல்ல உயரம், கொஞ்சம் முன்கோபம், நிறைய வெகுளித்தனம். கிளம்புவதற்கு முன் ஒலிபெருக்கியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்வார். “எல்லா வண்டியும் புறப்படும்னு மடமடன்னு சொல்லிடும். என் வண்டியைச் சொல்லுறப்ப மட்டும் ஒரு மூச்சு இழுத்துட்டுச் சொல்லும், கீப்பரே. அதுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு” என்பார். இதுதான் ஒத்துவராத இடம். மைக்கக்கா இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. “அவர் வண்டி போற ஊர் பேரு நீளம், அண்ணே. மூச்சு வாங்காம யாராலயும் சொல்ல முடியாது.”

வீட்டில் அவருக்கு வேறு பேச்சு. மைக்கில் வாசித்த கறாரான தமிழ் வாசலோடு நின்றுவிடும். வீட்டுக்குள் எல்லாமே “லாங்க”தான். சாப்பிடலாங்க. கிளம்பலாங்க. அந்தச் சட்டையை ஊறப் போட்டுடலாங்க. சட்டையை ஊறப் போடவேண்டியது ஓட்டுநர் மட்டும்தான் என்றாலும் வாக்கியம் இருவருக்கும் பொதுவாகவே வரும். அவர் கணவரிடம் “செய்யுங்க” என்று உத்தரவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. “லாங்கன்னு வந்துட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது” என்று ஓட்டுநர் சிரிப்பார். அந்த வீட்டில் லாங்க என்பது யோசனை சொல்வது அல்ல, முடிவு சொல்வது.

நாங்கள் மூவரும் அடுத்தடுத்து ஓய்வு பெற்றோம். மைக்கக்கா இடத்துக்கு இயந்திரம் வந்தது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. “அதுக்குத் தொண்டை கட்டாது, நல்லதுதான்” என்றார். ஆனால் பகல் முழுவதும் பேசியே பழகிய வாய்க்கு வீட்டில் போதிய வேலை இல்லை. ஓட்டுநருக்கோ வேறு ஒரு வேலை வந்து சேர்ந்தது. இரத்த அழுத்தத்துக்கு தினமும் மாத்திரை. காலைப் பலகாரம் முடிந்ததும் குளிர்பெட்டியின் மேல் உள்ள வட்ட டப்பாவிலிருந்து அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். போடும்போதெல்லாம் ஒரு முனகல். “வண்டி நல்லா ஓடுது. எதுக்கு தினம் ஒர்க்‌ஷாப்?”

இந்தச் சமயத்தில்தான் மைக்கக்காவின் தங்கை மகள் வந்து கூப்பிட்டாள். கண்ணாடிக்கடைக்கு மேல் இரண்டு அறை எடுத்து, வேறு மொழிகளில் வரும் காணொலிகளுக்குத் தமிழ்க்குரல் சேர்த்து வெளியிடும் தொழில் அவளுக்கு. உள் அறையின் சுவர் முழுவதும் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு மைக், அதற்கு முன்னால் கம்பி வளையத்தில் இழுத்துக் கட்டிய கறுப்புத் துணி. மைக்கைப் பார்த்ததும் மைக்கக்கா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார் என்று தங்கை மகள் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அன்று அவர் பேசவேண்டியிருந்த காணொலியை நானும் பார்த்திருக்கிறேன். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் சமையலறையில் நின்று பீட்ரூட்டைச் சாறு பிழிந்துகொண்டே ஆங்கிலத்தில் பேசுகிறார். அவர் டாக்டரா, முடிதிருத்துபவரா என்று அங்கியை வைத்துச் சொல்லமுடியாது. தங்கை மகளும் விசாரிக்கவில்லை. இந்தச் சாற்றைத் தொடர்ந்து குடித்தால் சிலரால் அழுத்த மாத்திரையை நிறுத்த முடிந்தாலும் முடியலாம் என்பது அவர் பேச்சின் சாரம். அதற்கு ஆதாரமாக அவர் காட்டியது மிக்ஸியை மட்டும்தான். ஆங்கிலக் காணொலியை அவள் முன்பே தன் பக்கத்தில் போட்டிருந்தாள். எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் சீந்தவில்லை. கீழே ஒரே ஒருவர் எழுதியிருந்தார். அவரும் மிக்ஸி என்ன கம்பெனி என்று கேட்டிருந்தார். பொய் ஆங்கிலத்தில் இருந்தவரை எங்கள் தெருவுக்கு அதற்கு வழி தெரியவில்லை.

முதலில் தங்கை மகள் ஒழுங்காகத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். “பீட்ரூட் சாற்றைத் தொடர்ந்து அருந்திவந்தால் சிலர் நாளடைவில் மாத்திரையை நிறுத்தக்கூடும்.” மைக்கக்கா அதைத் தன் பழைய குரலில், ஒரு சொல் இன்னொரு சொல்லோடு இடிக்காமல் வாசித்தார்.

“பெரியம்மா, இது வண்டி வருது மாதிரி இருக்கு. பார்க்கிறவங்க பெட்டியைத் தூக்கிட்டு ஓடிடுவாங்க.”

“பின்னே எப்படிம்மா பேசணும்?”

“பெரியப்பாகிட்ட பேசுற மாதிரி பேசுங்க. எதிர்ல அவரு உட்கார்ந்திருக்காருன்னு நினைச்சுக்கோங்க.”

மைக்கக்கா கண்ணை மூடிக்கொண்டார். “இதை தினம் ஒரு டம்ளர் குடிச்சிட்டு வாங்க. அப்புறம் பாருங்க. அந்த மாத்திரையை நிறுத்திடலாங்க” என்றார்.

தங்கை மகள் கைதட்டிவிட்டாள். மைக்கக்காவுக்கு மட்டும் ஏதோ இடறியது.

“ஆமா, சிலர்னு ஒண்ணு இருந்துச்சே, அது எங்க? கூடும் எங்க போச்சு?”

“பேசுறப்ப யாரு பெரியம்மா கூடும்னு சொல்றாங்க? கூடும்னாலும் லாம்னாலும் ஒண்ணுதானே?”

யோசித்துப் பார்த்தார். தவறு என்று சொல்ல முடியவில்லை. இலக்கணப்படி தவறில்லைதான். மழை வரலாம் என்றால் மழை வரக்கூடும் என்றே பொருள். மழைக்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லை. ஆனால் வாசலில் நிற்பவரிடம் உள்ளே வரலாம் என்றால் அது அனுமதி. எழுந்து நின்றுகொண்டு போகலாம் என்றால் அது அழைப்பு. ஒரே லாம் மூன்று வேலை பார்க்கிறது. எந்த வேலையைப் பார்க்கிறது என்று முடிவு செய்வது கேட்கிறவரின் காது. மாடியறையில் வருமா, வரக்கூடுமா என்று என்னிடம் மல்லுக்கு நின்றவர், அன்று பேச்சுத்தமிழின் வசதிக்காக ‘கூடும்’ என்பதை விட்டுக்கொடுத்தார். மறுபடி ஒரு மைக் கிடைத்த மகிழ்ச்சியும் அதில் இருந்திருக்கும்.

காணொலி பிய்த்துக்கொண்டு போனது. அக்கம்பக்கத்துக் கைப்பேசிகளிலெல்லாம் அவர் குரல். நடைப்பயிற்சிக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, குடியிருப்போர் குழு என்று ஒன்று விடாமல் சுற்றியது. பலர் அதைத் தம் அம்மாவுக்கும் மாமனாருக்கும் அனுப்பிவைத்தார்கள். வெள்ளை அங்கிக்காரரை யாரும் நம்பவில்லை, அவரை யாரும் கவனிக்கவே இல்லை. “பஸ் ஸ்டாண்டு அம்மா சொல்லுது” என்பதுதான் பேச்சாக இருந்தது. முனைக் காய்கடைப் பெண் கையை விரித்தாள்.

“அக்கா, பீட்ரூட்டைத் தவிர வேற எது வேணும்னாலும் கேளுங்க. உங்க புண்ணியத்துல எனக்கே வீட்டுக்கு ஒண்ணு இல்ல. எங்க மாமனாரு அதைக் குடிச்சிட்டு மீசையெல்லாம் செவசெவன்னு அலையுறாரு.”

மைக்கக்கா அதை என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். “மறுபடியும் நாலு பேரு காதுக்குப் போகுது, அண்ணே” என்றபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

அந்த நாலு பேரில் ஒருவர் தன் வீட்டிலேயே இருக்கிறார் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

ஒருநாள் காலை ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் கணவர் செருப்புமாக என் வாசலில் வந்து நின்றார். “அண்ணே, ஆட்டோ கூப்பிடுங்க” என்றார். மைக்கில் கூட அவ்வளவு நிதானமான குரலை நான் கேட்டதில்லை. அதனாலேயே எனக்குப் பயம் வந்தது. கை கழுவும் தொட்டியில் சிவப்பாக இருந்ததாம். துண்டிலும் சிவப்பு. கழிப்பறையிலும். ஓட்டுநரோ, “எனக்கு ஒண்ணும் இல்ல, எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?” என்றபடி சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் கூட ஏறிக்கொண்டேன்.

மருத்துவமனையில் செவிலியர் அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். மறுபடி சுற்றிப் பார்த்தார். அப்புறம் பட்டையைக் கழற்றாமலே எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

“காலையில என்னங்க ஐயா சாப்பிட்டீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“ஜூஸ்.”

“என்ன ஜூஸ்?”

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். “இவ சொன்ன ஜூஸ்தான். வாக்கிங் போறப்ப கடையில போட்டுக் குடுப்பாங்க. பீட்ரூட்.”

டாக்டர் சிரித்துவிட்டார். செவிலியரும் சிரித்தார். “ரத்தம் இல்லம்மா, பீட்ரூட்டுச் சாயம். கண்ணைத் துடைச்சுக்கோங்க” என்றார் டாக்டர். மைக்கக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். ஆனால் டாக்டரின் சிரிப்பு அவ்வளவோடு நின்றது.

“சிவப்புக்குப் பயப்பட வேண்டாம். பிரஷருக்குத்தான் பயப்படணும். இவ்வளவு ஏறியிருக்கு. மாத்திரை போடுறீங்களா, இல்லையா?”

“அதை நிறுத்தியாச்சு.”

“யாரு நிறுத்தச் சொன்னா?”

ஓட்டுநர் கையை நீட்டி மனைவியைக் காட்டினார். குற்றம் சாட்டும் தோரணை அதில் கொஞ்சமும் இல்லை. தன் வீட்டு ஆளைப் பெருமையாக அறிமுகம் செய்துவைப்பது போலத்தான் இருந்தது.

“நான் எப்பங்க சொன்னேன்?” என்றார் மைக்கக்கா.

ஓட்டுநர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துத் தட்டினார். அந்தச் சின்ன அறையில் அவர் மனைவியின் குரல் எழுந்தது. அந்த மாத்திரையை நிறுத்திடலாங்க.

“பாருங்க, ‘ங்க’ போட்டிருக்கு” என்று டாக்டரிடம் விளக்கினார். “ஊருக்குச் சொல்றப்ப இது ‘ங்க’ போடாது. எனக்கு மட்டும்தான் போடும். நானும் இது கேட்டதுலேருந்து சொன்னபடிதான் நடக்குறேன். இதுக்கும் தெரியும்னு நினைச்சேன்.”

மைக்கக்கா கைப்பேசியை வாங்கி, தன் குரலை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார்.

டாக்டர் ஒரு மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்துப் போடவைத்து, மாலைவரை படுக்கவைத்து அனுப்பினார். போகும்போது மைக்கக்காவிடம் சொன்னதை ஓட்டுநரும் நானும் கேட்டோம். “இந்த மாத்திரையைக் குறைக்கிறதோ நிறுத்துறதோ, பார்த்து நாங்கதான் சொல்லணும். இப்படியே விட்டா ஒருநாள் வாய் ஒரு பக்கம் கோணிடும். கை விளங்காது. பேச்சு போயிடும். அதோட போச்சுன்னா அதுவே அதிர்ஷ்டம்.”

வீட்டுக்கு வந்த மறுநாள் பலகாரம் முடிந்தது. ஓட்டுநர் டப்பா இருந்த பக்கமே போகவில்லை. மைக்கக்கா எடுத்துக்கொண்டுபோய் நீட்டினார். அப்போது நான் அவர்கள் வீட்டுச் செய்தித்தாளை இரவல் வாங்கப் போயிருந்தேன்.

“டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா, இல்லையா?”

“விழுந்துச்சு. அவங்க வேலை, அவங்க சொல்றாங்க. நீ மைக்குல சொல்லியிருக்க. நீ சொல்லி ஒரு வண்டியாவது தப்பாப் போயிருக்கா?”

“அது வண்டிங்க. இது உடம்பு.”

“சொன்னது நீதானே?”

“நான் சொல்லல. அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துச்சு, நான் வாசிச்சேன்.”

“எனக்கா தெரியாது?” என்றார் ஓட்டுநர். “வாசிச்சா நீ அந்தக் குரல்ல வாசிப்ப. புறப்படும், வந்து சேரும்னு. இது வீட்டுக் குரல். வீட்டுக் குரல்ல நீ வாசிச்சதே இல்ல. மனசுல இருக்குறதைத்தான் பேசுவ.”

மைக்கக்கா டப்பாவைக் குளிர்பெட்டியின் மேல் திரும்ப வைத்தார். வாழ்நாள் முழுவதும் அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு மனிதர், கேட்டதை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். காது சரி. கணக்குச் சரி. குரலுக்குப் பின்னால் இருந்த செய்திதான் தவறு. அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டால் மனைவியின் குரலே தவறிவிட்டது என்று ஆகிவிடும். அதற்கு அவர் தயாராக இல்லை. மனைவியிடமிருந்தே மனைவியின் குரலைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மைக்கக்கா நேரே கண்ணாடிக்கடை மாடிக்குப் போனார். நடந்ததைக் கேட்டதும் தங்கை மகளுக்கு முகம் வெளிறிவிட்டது. அங்கேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணொலியை நீக்கினாள். ஆனால் அது எத்தனையோ கைப்பேசிகளுக்குள் குடிபோய்விட்டிருந்தது. அவற்றிலிருந்து எடுக்க யாராலும் முடியாது. உடனே ஒரு மறுப்பு எழுதினாள். “அண்மையில் வெளியான காணொலியில் இடம்பெற்ற மருத்துவக் கருத்து உறுதிசெய்யப்படாதது எனப் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.” மைக்கக்கா வாசித்தார். அன்றே வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட யாருமே பார்க்கவில்லை. பார்த்தவர்களும் பாதியில் போய்விட்டார்கள் என்று தங்கை மகள் கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

ஓட்டுநர் மட்டும் கடைசிவரை கேட்டார்.

“நல்லா வாசிச்சிருக்க. ஒரு தடுமாற்றம் இல்ல” என்றார்.

“அப்ப மாத்திரை?”

“இது பொது அறிவிப்பு. எனக்கு இல்ல.”

அன்று பிற்பகல் மைக்கக்கா என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நம்ம அறையில திருத்தம் எப்படிச் சொல்லுவோம்?”

“உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும். இன்னொருத்தர் வாயால கேட்கணும்.”

“சொன்னவங்களே சொல்லணும். சொன்ன மைக்குலயே. சொன்ன வாக்கியத்தையே. தப்பான சொல்லை மட்டும் மாத்தணும்.”

“அதான் அண்ணே. நாலாவது நடைமேடையில நிக்குறவன்கிட்ட ‘நேரத்தில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது’ன்னு மொட்டையாச் சொன்னா, அது தன் வண்டின்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நான் அதைத்தான் செஞ்சிருக்கேன். சொன்னது ஒரு பேச்சுல, திருத்தினது வேற பேச்சுல.” டம்ளரைக் கீழே வைத்தார். “நீங்களும் வாங்க. எனக்குத் தொண்டை அடைச்சா தண்ணி குடுக்க ஆளு வேணும்.”

எதிர்வீட்டுக்குப் போனோம். ஓட்டுநர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

“கிளம்பலாங்க” என்றார் மைக்கக்கா.

எங்கே, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எழுந்து சட்டையை மாட்டினார். கண்ணாடியைத் தேடி எடுத்தார். குளிர்பெட்டிப் பக்கம் போய் வந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்கடைப் படி கொஞ்சம் செங்குத்து. ஓட்டுநர் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். மைக்கக்கா அவர் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, தொடாமலே ஏறினார். தங்கை மகள் மைக்குக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு ஓட்டுநரை உட்காரவைத்தாள். நான் கதவோரம் தண்ணீர்ப் புட்டியோடு நின்றேன்.

“பெரியப்பா, சத்தம் வரக்கூடாது. மூச்சைக் கொஞ்சம் அடக்கிக்கோங்க. மைக்குல விழுந்துடும்.”

“மூச்சை அடக்குறதுக்கா இவ்வளவு படி ஏத்திக் கூட்டிட்டு வந்தே?”

யாரும் சிரிக்கவில்லை. சுவர்த்திரையில் வெள்ளை அங்கிக்காரர் சத்தமில்லாமல் பீட்ரூட் பிழிந்துகொண்டிருந்தார். தங்கை மகள் கையைத் தூக்கி இறக்கினாள்.

இந்தத் தடவை மைக்கக்கா கண்ணை மூடவில்லை. கறுப்புத் துணியைத் தாண்டி முக்காலியில் இருந்தவரைப் பார்த்துப் பேசினார்.

“என்னங்க. போன தடவை இதே இடத்துல இருந்துதான் பேசினேன். இதை தினம் ஒரு டம்ளர் குடிச்சிட்டு வாங்க, அந்த மாத்திரையை நிறுத்திடலாங்கன்னு சொன்னேன். அதுல ஒரு திருத்தம். நான் சொன்னது தப்பு. விசாரிக்காம சொல்லிட்டேன். இப்ப மறுபடி சொல்றேன், கேட்டுக்கோங்க. அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாதுங்க.”

எழுதிவைத்தது அவ்வளவுதான். தங்கை மகள் பொத்தானை அமுக்கப் போனாள். மைக்கக்கா நிறுத்தவில்லை.

“டாக்டர் பார்த்துச் சொல்றவரைக்கும் நிறுத்தக் கூடாதுங்க. ஜூஸ் பிடிச்சா குடிச்சுக்கோங்க, அது வேற. மாத்திரையை நிறுத்தி நீங்க எங்கயாவது விழுந்துட்டா, நான் யாரைப் பார்த்துங்க போகலாங்கன்னு சொல்லுவேன்?”

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. அந்தக் குரல் மைக்கில் உடைந்து நான் கேட்டது அன்றுதான். முட்டை அட்டைச் சுவர் அதைக்கூட எதிரொலிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டது.

அப்போது முக்காலியிலிருந்து மெல்லிய சத்தம் வந்தது. “பாம், பாம்.”

ஓட்டுநர்தான். வாயாலேயே இரண்டு முறை, சின்னதாக.

“ஐயோ பெரியப்பா, ரெக்கார்டு ஆயிடுச்சே” என்றாள் தங்கை மகள்.

“ஆகட்டும். திருத்தம் சொன்னா ஹாரன் அடிக்கணும். இல்லாட்டி உங்க பெரியம்மா நிறுத்தாது, சொல்லிட்டே இருக்கும்” என்றார் அவர். பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்தார். குளிர்பெட்டிப் பக்கம் போய் வந்தது அதற்குத்தான். கிளம்பலாங்க என்ற உடனே அவருக்குப் புரிந்திருக்கிறது. முறைப்படி சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். என் கையிலிருந்த புட்டியை வாங்கி, ஒன்றைப் போட்டு விழுங்கினார். மைக்கக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லா தண்ணி குடிங்க” என்றார். மைக்கில் இல்லாமல், கணவரிடம் நேராக அவர் உத்தரவாகச் சொல்லி நான் கேட்ட முதல் வாக்கியம் அது என்று எனக்குத் தோன்றியது.

குரல் உடைந்த இடத்தைச் சரிசெய்து இன்னொரு தடவை எடுக்கலாமா என்று தங்கை மகள் யோசித்தாள். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஹாரனையும் எடுக்கவில்லை. இனி எதையும் விசாரிக்காமல் தமிழாக்குவதில்லை என்று தானாகவே சொன்னாள். சொன்னபடி நடக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் இப்போதெல்லாம் அந்த டாக்டருக்கே போன் போடுகிறாள்.

திருத்தத்தை, பீட்ரூட்டைப் பார்த்த அளவுக்கு ஊர் பார்த்தது என்று சொல்லமாட்டேன். அவ்வளவு பேர் பார்க்கவில்லை. ஆனால் பொது அறிவிப்பைப் போலப் பாதியில் யாரும் எழுந்து போகவும் இல்லை. அடுத்த வாரம் மைக்கக்கா காய்கடைக்குப் போனபோது நானும் உடன் இருந்தேன். கடைப்பெண் தராசை வைத்துவிட்டு மைக்கக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எங்க மாமனாரை உட்கார வச்சுப் போட்டுக் காட்டினேன். இத்தனை நாள் நான் கத்தினதுக்கு அசையாத மனுசன், நீங்க அழுததும் எந்திரிச்சுப் போயி மாத்திரையை எடுத்துட்டாரு. அது சரி, கடைசியில யாரோ ஹாரன் அடிக்கிறாங்களே, அது என்ன?”

“பின்னால ஒரு பழைய வண்டி நின்னுச்சு” என்றார் மைக்கக்கா.

ஓட்டுநரின் அழுத்தம் இறங்கிவிட்டது. நான் இதை எழுதும் இந்தக் காலைவரை நன்றாக இருக்கிறார். அந்த வீட்டில் மாறியது ஒன்றே ஒன்றுதான். மழை, அனுமதி, அழைப்பு என்று லாமின் மூன்று வேலையையும் மைக்கக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஓட்டுநர், லாங்க என்று காதில் விழுந்தால் இப்போது விளக்கம் கேட்கிறார்.

“மாத்திரை போட்டுடலாங்க.”

“நீயும் போடுறியா?”

“நீங்கதாங்க போடணும்.”

“அப்படிச் சொல்லு. லாம்னு ஆரம்பிச்சாலே எனக்குப் பீட்ரூட்தான் ஞாபகம் வருது.”

சற்றுமுன் இருவரும் நடைக்குக் கிளம்பி என் வாசலில் வந்து நின்றார்கள். “அண்ணே, போகலாமா?” என்று மைக்கக்கா குரல் கொடுத்தார். எழுதிக்கொண்டிருந்ததில் ஒரு வரி பாக்கி இருந்ததால் நான் உடனே பதில் சொல்லவில்லை. ஓட்டுநர் வாசல் கம்பியைத் தட்டினார்.

“கீப்பரே, இது அனுமதியும் இல்ல, மழையும் இல்ல. அழைப்பு. செருப்பைப் போடுங்க.”